டப்பாச் சத்தம்

புதன்கிழமை மாலை தோட்டத்தில் கூடியிருந்தவர்கள் இவர்கள்தான். பிரம்பு நாற்காலியில் பெரியவர். கட்டுப் போட்ட வலது காலைக் கவிழ்த்த வாளியின் மேல் நீட்டி வைத்திருந்தார். பின்வாசல் படியில் அவர் மனைவி பெரியவள், மடியில் தட்டை வைத்துப் பட்டாணி உரித்தபடி. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பெரியவரின் தம்பி, பூச்சிமருந்து பம்பின் மூக்கைக் கழற்றி ஊதிக்கொண்டு. வீட்டுக்குள்ளிருந்து கொண்டுவந்து போட்ட முக்காலியில் மரக்கடைக்காரர். அவர் மடியில் ஒரு புதுச் சங்கிலி, விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாமல். தம்பியின் மனைவிக்கு, அந்த வீட்டில் எல்லோருக்கும் 'சின்னவள்' ஆகிவிட்டவளுக்கு, உட்கார யாரும் எதுவும் போடவில்லை. பகல் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு வந்தவள், அடுக்கி வைத்திருந்த காலிப் பூந்தொட்டிகளின் மேல் தானாகவே உட்கார்ந்துகொண்டாள். குற்றவாளி குழாயடியில் கட்டிக் கிடந்தது. வழக்கு தன்னுடையது என்பது தெரியாமல் தண்ணீர்க் குழாயின் நுனியை மென்றுகொண்டிருந்தது. மேலே மின்கம்பியில் மைனாக்கள். அவை மட்டும்தான் அங்கே யார் பக்கமும் சேராதவை.

குற்றவாளியின் பெயர் பொட்டலம். மருந்துக் கம்பெனி வேன் ஓட்டுகிறவர் இருமல் மருந்து வந்த அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே நான்கு பக்கமும் மடித்து, "உள்ள ஒரு சின்னப் பொட்டலம் இருக்கு, பார்த்துப் பிரிங்க" என்று கொடுத்துவிட்டுப் போனது. வயிறு தரையில் தட்டும் அளவுக்குக் குட்டை. ஒரு காது நின்றது, இன்னொன்று நிற்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முதல் வாரம் அது அழுத அழுகைக்கு வீடே விழித்திருந்தது. சின்னவள்தான் தன் பழைய சால்வையைப் பெட்டிக்குள் போட்டு, கையை உள்ளே தொங்கவிட்டபடி தரையில் படுத்தாள். செய்தித்தாள் விரித்த இடத்தில் வெளிக்கு இருக்கப் பழக்கினாள். எந்த வேகத்தில் பழக்கினாளோ, பெரியவர் படிக்க விரித்த செய்தித்தாளிலும் அது ஒருநாள் போய் உட்கார்ந்து எழுந்துவிட்டது. அன்றைக்கே அவருக்கும் அதற்கும் ஆகாமல் போயிற்று. செருப்பைத் தின்றது, வாசல் கால்மிதியைத் தின்றது, பெரியவள் ஊன்றிய பூக்கிழங்கைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து அவள் காலடியிலேயே வைத்தது. ஆனால் பறவைகளிடம் மட்டும் அதற்கு மகா மரியாதை. மைனாக்கள் இறங்கி வந்து அதன் தட்டிலிருந்தே தின்னும். இது இரண்டடி பின்வாங்கி, விருந்தாளி சாப்பிட்டு முடிக்கட்டும் என்பதுபோல் காத்திருக்கும். ஒரு சிட்டுக்குருவி சிலிர்த்துக்கொண்டு முறைத்தால் சின்னவளின் காலுக்குப் பின்னால் போய் ஒளியும்.

அப்படிப்பட்ட நாயின் மேல்தான் பெரியவர் விரல் மடக்கிக் குற்றம் வாசித்தார்.

"ஒண்ணு, நாத்துப் பாத்தி. மண்ணாக்கிடுச்சு. ரெண்டு, பட்டாணிப் பந்தல். மூங்கிலோட சாச்சிடுச்சு. மூணு, என் காலு. பேரைப் பாரு, பொட்டலமாம். பிரிச்சாத்தானே தெரியுது உள்ள என்ன இருக்குன்னு."

பார்சல் ஆபீசில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அங்கே அவர் தலையை அசைத்தால் லாரி நகரும், அசைக்காவிட்டால் நிற்கும். வீட்டுக்கு வந்தபின் அவருக்குக் கீழே வேலை பார்க்க இருந்தவை நாற்றுகளும் பட்டாணிக் கொடிகளும்தான். அவற்றையும் குருவிகள் விட்டுவைக்கவில்லை. முளை விட்ட மறுநாளே வந்து கிள்ளின. கருப்புத் துணி கட்டிப் பார்த்தார். அதன் மேலேயே உட்கார்ந்து இறகு கோதின. பழைய கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டார். அதில் முகம் பார்த்தன. இந்தப் பருவத்தில்தான் ஒரு புது வழி கண்டுபிடித்து, காலைப் பலகாரம் முடிந்ததும் பாத்தி ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்திருந்தார். சின்னவள் அதற்குள் கடைக்குப் போயிருப்பாள். அவளுக்கு விடுமுறையான நாட்களில் நாய் அவள் சேலை நுனியை விட்டு நகராது; தோட்டத்துச் சத்தம் எட்டாத அவள் அறைக்குள்ளேயே கிடக்கும். ஆகவே அந்த வழி என்னவென்று அவள் கண்ணால் பார்த்ததில்லை.

"சும்மா போறவரைக் கடிக்கிற நாயில்லை மாமா அது," என்றாள்.

"சும்மாவா? நான் விரட்ட விரட்ட நேரா என் மேலேயே வருதும்மா. திமிரு. எவ்வளவு தூரத்துல இருந்தாலும் சரி, தோட்டத்தையே ரெண்டாப் பொளந்துக்கிட்டு வந்து என் முன்னாடி நிக்குது. நீங்களே பாருங்க. மரக்கடைக்காரரே, பாருங்க."

நாற்காலிக்கு அடியில் கைவிட்டு குருவி விரட்ட வைத்திருந்த ஒரு வட்டத் தகர டப்பாவை எடுத்தார். உள்ளே கூழாங்கல் போட்டு மூடியிருந்தார். தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். கடகடவென்று சத்தம் வந்ததும் மைனாக்கள் கம்பியைவிட்டு எழும்பின. குழாயடியில் பொட்டலம் வாயிலிருந்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்தது. நின்ற காது நிற்க, யோசித்துக்கொண்டிருந்த காதும் நின்றது. கயிறு விறைக்கும் மட்டும் ஓடிவந்து, கழுத்து இறுக்க, பின்னங்காலில் எழும்பி, முடியாமல் போகவே, இருந்த இடத்திலேயே பின்பக்கத்தை ஊன்றி ஒழுங்காக உட்கார்ந்தது. எச்சில் ஒழுகியது. வால் மண்ணைப் பெருக்கியது.

சின்னவள் பூந்தொட்டிகளின் மேலிருந்து முன்னால் குனிந்து பார்த்தாள்.

அந்த உட்காரலைக் கற்றுக்கொடுத்தவள் அவள். நாய் பிஸ்கட்டை அவள் போட்டு வைத்திருந்ததும் அதே மாதிரி வட்டத் தகர டப்பாவில்தான். இரண்டுமே அவள் கடையிலிருந்து வந்த இருமல் மிட்டாய் டப்பாக்கள். விடிகாலையில் ஒரு தடவை, வேலைவிட்டு வந்ததும் ஒரு தடவை, சமையலறையில் நின்று டப்பாவை ஆட்டுவாள். ஓடிவந்து உட்கார்ந்தால் பிஸ்கட். உட்காராவிட்டால் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத நாள்களிலேயே அது டப்பாச் சத்தத்துக்கு வரக் கற்றிருந்தது. இந்த மனிதர் பகல் முழுக்கத் தோட்டத்தில் உட்கார்ந்து அதைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வந்து உட்கார்ந்திருக்கிறது. போ என்று இன்னும் வேகமாக ஆட்டியிருக்கிறார். இன்னும் பக்கத்தில் வந்திருக்கிறது. மூங்கிலால் அடித்திருக்கிறார். அடி வாங்கிக்கொண்டு ஓடியது, மறுபடி சத்தம் கேட்டதும், சரி, இப்போது கொடுப்பார்கள் என்று நம்பித் திரும்பி வந்திருக்கிறது. எத்தனை நாள்? போன வாரம் அதன் மூக்கின் மேல் ஒரு வீக்கத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ பூச்சி கொட்டியிருக்கும் என்று அவள்தான் களிம்பு தடவினாள்.

"மாமா," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அந்த டப்பாவை ஆட்டாதீங்க. அது சாப்பாட்டுச் சத்தம். நான் அப்படித்தான் பழக்கியிருக்கேன். நீங்க விரட்டறதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க, அதைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க."

ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் போலத்தான் இருந்தது. பெரியவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விரிந்து, அடடா என்கிற மாதிரி வாய்கூடத் திறந்தது. அந்த நேரம் பார்த்து மரக்கடைக்காரர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாதவர். முக்காலியே ஆடியது.

"அட போங்க சார்! தினம் விருந்துக்குக் கூப்பிட்டுட்டு, வந்தவனை மூங்கிலால அடிச்சா, அவன் கடிக்காம என்ன பண்ணுவான்?"

படியில் பெரியவளும் சிரித்துவிட்டாள். உடனே இருமலாக மாற்றிக்கொண்டாள். ஆனால் பெரியவர் கேட்டுவிட்டார். திறந்த வாய் மூடியது. டப்பாவை நாற்காலிக்கு அடியில் திரும்ப வைத்தார், மிக மெதுவாக, கல் ஒன்றுகூடச் சத்தம் போடாமல்.

"அதெல்லாம் கதை. கடிச்ச நாய் கடிச்ச நாய்தான். ஞாயித்துக்கிழமை காலையில வந்து கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க கட்டைக்குக் காவலாச்சு."

"மாமா, நான் சொல்றது..."

"முடிஞ்சுபோச்சும்மா."

மரக்கடையை அவளுக்குத் தெரியும். கடைக்குப் போகும் வழிதான். ரம்பத்தின் அலறல் காலையிலிருந்து மாலை வரை ஓயாது. வாசலில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தது. சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் புல் முளைத்து அவள் பார்த்ததில்லை. அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏதாவது சொல்லுங்களேன்."

கணவன் பம்பின் மூக்கை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, துவாரம் வழியாக வானத்தைப் பார்த்தான். "இப்ப விடு," என்றான். "அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்ததிலேயே அதிகம் அந்தச் சொல்தான். சமையலறை ஜன்னல் உடைந்ததும் அப்புறம், அவள் அம்மாவைப் பார்க்கப் போவதும் அப்புறம். அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தொட்டி அடுக்கு சரிந்து மேலேயிருந்த இரண்டு உடைந்தன. குழாயடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்து, நாயைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் புகுந்து வீட்டுக்குள் போனாள். அது போகிற போக்கில் அவள் தோளுக்கு மேலாகப் பெரியவரைப் பார்த்து வாலாட்டியது. அதற்காக அதன் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

இரவுச் சமையலின்போது பாத்திரங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பெரியவள் பக்கத்தில் வந்து நின்று, உரித்த பட்டாணியைக் கழுவுகிற சாக்கில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள்.

"சிரிச்சிருக்கக் கூடாதுடி நான்."

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க."

"அவர்கிட்ட வாயால சொன்னது எதுவும் நிக்காது. நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்தாச்சு. யார் சொன்னா, எப்பச் சொன்னா, எனக்குக் காதுலயே விழலையேம்பார். பார்சல் ஆபீஸ் புத்தி. கையெழுத்துப் போட்டு வாங்கினாத்தான் வந்தது வந்ததா கணக்கு. அப்படி வாங்கிட்டா, மனுஷன் அதுக்கப்புறம் மாட்டேன்னு சொல்லமாட்டார். அந்த ரோஷம் உண்டு."

சொல்லிவிட்டுப் பெரியவள் தண்ணீரை மூடினாள். அவள் யோசனை சொன்னதாகவே நினைக்கவில்லை, புலம்பியதாகத்தான் நினைத்தாள்.

மறுநாள் மருந்துக்கடையில் மதியக் கூட்டம் ஓய்ந்ததும், பில் போடுகிற மேசையைத் துடைத்துவிட்டுச் சின்னவள் எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் 'நீங்களெல்லாம் மனிதர்களா' என்று ஆரம்பமாயிற்று. அதைக் கிழித்தாள். இரண்டாவதில் மூங்கிலும் மூக்கு வீக்கமும் வந்து, பாதியிலேயே எழுத்து நனைந்துவிட்டது. அதையும் கிழித்தாள். வயிற்றுவலிக்கு மருந்து கேட்டு வந்த ஒருவருக்கு எடுத்துக் கொடுத்து, எப்போது சாப்பிட வேண்டும் என்று உறையின் மேல் எழுதினாள்: காலை, சாப்பிட்ட பின். இரவு, சாப்பிட்ட பின். அப்படி எழுதும்போதுதான் வரி நேராக வந்தது. கடிதத்தையும் அப்படியே எழுதலாம் என்று தோன்றியது. மூன்றாவது தாளை எடுத்தாள்.

'மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி அதே வீட்டிலிருந்து எழுதுவது. முதலாவதாக, பொட்டலம் உங்களைக் கடித்தது தவறு. அந்தக் காயத்தைக் கழுவி மருந்து போட்டது நான்தான். பல் தோலோடு நின்றுவிட்டது என்பது உங்களுக்கும் தெரியும். நாய்க்கு ஊசி எல்லாம் போட்டாயிற்று. அடுத்ததாக, அதை டப்பாச் சத்தத்துக்குப் பழக்கியது நான். அந்தச் சத்தத்தால் கூப்பிட்டது நீங்கள். இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. தெரிந்த பிறகு செய்யப்போவதற்குத்தான் இந்தக் கடிதம்.

இன்று காலையிலிருந்து பிஸ்கட்டைத் துணிப்பையில் மாற்றிவிட்டேன். கைதட்டிக் கூப்பிடுகிறேன். அது டப்பாவை மறக்கக் கொஞ்ச நாளாகும். அதுவரை பகலில் என் அறையில் இருக்கும். பெரியக்கா நடுவில் ஒருமுறை வெளியே விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாற்றுகளை நானே திரும்ப நட்டுத் தருகிறேன். பந்தலையும் கட்டித் தருகிறேன்.

அப்படியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை அந்தச் சங்கிலி நம் வாசலுக்கு வந்தால், திங்கட்கிழமையிலிருந்து ஒன்று நடக்கும். குழாயடியிலிருந்து பின்சுவர் வரை உங்கள் தம்பியின் பாகம். அந்த இடத்தில் ஒரு செடியும் வைக்கமாட்டேன். மண் தொட்டிகளில் தண்ணீர் வைப்பேன். தினமும் இரண்டு வேளை தானியம் இறைப்பேன். சிட்டு, மைனா, புறா, கிளி, எது வந்தாலும் வரட்டும். வயிறு நிறையத் தின்றுவிட்டு, பொழுதுபோக்குக்கு அவை எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் எத்தனை டப்பா வேண்டுமானாலும் ஆட்டிக்கொள்ளலாம்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை என்று சொல்லமாட்டேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. இப்படிக்கு.'

படித்துப் பார்த்தாள். கிளிகள் அந்தப் பக்கம் வருவதேயில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை அடித்துவிட மனம் வரவில்லை. வந்தாலும் வரும்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போகிற வழியில் தபால் நிலையத்தில் நுழைந்தாள். பதிவுத்தபால் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் உறையை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முகவரியைப் படித்தார். பிறகு கீழ்மூலையைப் படித்தார். மறுபடி மேலே போனார்.

"ஏம்மா, அனுப்பறவங்க விலாசத்தையும் பெறுறவங்க விலாசத்தையும் ஒண்ணாவே எழுதிட்டியே. பாரு."

"ஒண்ணுதாங்க. வீடு ஒண்ணுதான், ஆளு வேற."

"ஒரே வீட்டுக்கா பதிவுத்தபால்?"

"கையெழுத்துப் போட்டு வாங்கணும். அதுக்குத்தான்."

அந்த அம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தார். சிரிக்கவில்லை. "மாமனாரா?" என்றார்.

"மூத்தார்."

"ம். ஒட்டிக் கொண்டா. உள்ளூர்தானே, நாளைக்குக் காலையில போயிடும்."

ஓரத்து மேசையில் கோந்துக் கிண்ணம் இருந்தது. சின்னவள் விரலால் தொட்டு உறையின் நாக்கில் தடவினாள். தடவிக்கொண்டிருக்கும்போது, நேற்றிலிருந்து தலைக்குள் எங்கேயோ நின்று தட்டிக்கொண்டிருந்தது உள்ளே வந்தேவிட்டது. உங்கள் தம்பியின் பாகம். அவள் பாகம் இல்லை, தம்பியின் பாகம். திங்கட்கிழமை அவள் தானியத்தோடு அங்கே போய் நிற்கும்போது, பெரியவர் திரும்பித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து, "என்னடா இது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அவன் வானத்தைப் பார்ப்பான். அப்புறம் என்பான். அவள் எழுதிய கடிதம் முழுக்க, ஒரு வரிகூடப் பொய்யில்லாத கடிதம், ஒரு வாய் திறக்காத மனிதனின் நிலத்தில் நின்றுகொண்டிருந்தது. அவளுக்குக் காது சுட்டது. புதன்கிழமையிலிருந்து தான் யார் மேல் கோபமாக இருக்கிறோம் என்பது, கோந்து காய்ந்து இழுக்கும் விரலோடு நின்ற அந்த இடத்தில்தான் முழுசாகத் தெரிந்தது.

உறையை அழுத்தி ஒட்டினாள். ஜன்னலுக்குப் போய் இன்னொரு உறை வாங்கினாள். கைப்பையில் கடையின் மருந்துச் சீட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதினாள்.

'ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கப்போகிறீர்கள்?'

மடித்துப் போட்டாள். கோந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டது. ஓரத்தில் பிதுங்கியதைச் சேலையில் துடைத்தாள். இரண்டையும் சேர்த்து நீட்டினாள்.

"இது யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

"அவர் எங்க இருக்கார்?"

"அதே வீட்டுலதான்."

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டார். முதல் உறையை எடை பார்த்து, எண் ஒட்டி, முத்திரை குத்தினார். இரண்டாவது உறையில் மை சரியாக விழவில்லை. முத்திரையை மைப்பெட்டியில் நன்றாக அழுத்தி எடுத்து, உறையை இடது கையால் பிடித்துக்கொண்டு, மேசை அதிர இன்னொரு முறை குத்தினார். பின்னால் கொக்கியில் வாய் திறந்து தொங்கிய சாக்குப் பையை நோக்கித் திரும்பாமலேயே கையை வீச, உறைகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே உள்ளே விழுந்தன.